பாடசாலைக் குப்பை: வாசலிலேயே நிறுத்த முடியாதா?

வாவிக்கரை டீச்சர் (மட்டக்களப்பு) | திங்கள் இரவு

எல்லோருக்கும் வணக்கம். நான் ஆரம்பப் பிரிவு ஆசிரியை. எங்கள் பாடசாலை வாவிக்குப் பக்கத்தில். பல நாளாக மனதை அரிக்கிற ஒரு விஷயத்தை இங்கே உள்ள ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் கேட்கலாம் என்று எழுதுகிறேன்.

போன கிழமை இடைவேளை முடிந்ததும் என் வகுப்புக் குப்பைக் கூடையை மேசையில் கவிழ்த்தேன். பழைய பத்திரிகையை விரித்து, பிள்ளைகளைச் சுற்றி நிற்கவைத்து, ஒவ்வொன்றாக எடுத்துப் பிரித்தோம். வகுப்பில் 34 பிள்ளைகள். சாப்பாடு கட்டுகிற மெல்லிய பொலித்தீன் தாள், அதுதான் லன்ச் சீட், 19. பிஸ்கட் உறை 11. யோகட் கப் 6, அதில் இரண்டில் கரண்டி ஒட்டியபடியே இருந்தது. பால் பக்கற் 4, அதற்குரிய ஸ்ட்ரோ 4. ரொபித் தாளை எண்ணி முடிக்கவில்லை. ஒரு கைப்பிடி பென்சில் சீவல். கசக்கி உருட்டிய கொப்பித் தாள் 8, அவற்றில் ஐந்து ஒரு பக்கம் மட்டும் எழுதியவை. சம்பல் ஒட்டிய இடியப்பம் ஒரு கவளம். ஒரு வகுப்புக்கு, ஒரு இடைவேளைக்கு இவ்வளவு.

எங்கள் பாடசாலையில் நிறத் தொட்டிகள் உண்டு. பச்சையில் உக்குவது, நீலத்தில் காகிதம், செம்மஞ்சளில் பிளாஸ்டிக். பிள்ளைகள் பிழையில்லாமல் போடுகிறார்கள், முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கும் நிறம் தெரியும். ஆனால் குப்பை வண்டி எங்கள் ஒழுங்கைக்கு வருவது எப்போதாவதுதான். அதனால் பின்னேரம் துப்புரவு செய்யும் அக்கா மூன்று தொட்டியையும் பின் மதிலோரக் குழியில் கொட்டித் தீ வைக்கிறார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். வேறு என்ன செய்வார்?

கூடையைப் பிரித்து முடித்தபோது ஒரு மகள் கேட்டாள்: "டீச்சர், பிரிச்சுப் போட்டா வேற மாதிரியா எரியும்?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அதே யோசனைதான். தொட்டியின் நிறத்தைப் பற்றி இவ்வளவு கதைக்கிறோமே, தொட்டிக்குள் வருவதைப் பற்றி ஏன் கதைப்பதில்லை? அந்த 19 லன்ச் சீட்டும் வாசலுக்குள் வராவிட்டால் பிரிக்கவும் வேண்டாம், எரிக்கவும் வேண்டாம். உங்கள் பாடசாலைகளில் யாராவது இதைச் செய்து பார்த்திருந்தால் சொல்லுங்கள்.

---

விஞ்ஞான சேர் (திருக்கோவில்) | திங்கள் இரவு

டீச்சர், அந்த மகளின் கேள்விக்கு விஞ்ஞானத்திலேயே பதில் இருக்கிறது. எப்படிப் பிரித்தாலும் குழித் தீ ஒரே தீதான். திறந்த குழியில் வெப்பம் குறைவு, காற்றும் போதாது. பொலித்தீன் அங்கே முழுதாக எரியாது. கரியாகவும் புகையாகவும் நுண்துகளாகவும் மேலே போகும். குளோரீன் உள்ள பிளாஸ்டிக், அதாவது பி.வி.சி. வகை, அந்தச் சூட்டில் எரிந்தால் டையொக்சின் என்ற நச்சு உண்டாகும். அது புகையோடு போய் மறைந்துவிடுகிற பொருள் இல்லை. மண்ணில் தங்கும், கொழுப்பில் சேரும், மாட்டுப் பாலிலும் முட்டையிலும் வரும். பாடசாலை மதிலுக்கு அந்தப் பக்கம் கோழி வளர்க்கிறவர்களை நினைத்துப் பாருங்கள்.

பின்னேர வகுப்புக்கு நிற்கிற பிள்ளைகளுக்கு அந்தப் புகை நேராக மூக்குக்குப் போகிறது. இழுப்பு உள்ள பிள்ளை ஒன்று எந்த வகுப்பிலும் இருக்கும்.

ஆகவே முதல் வேலை குழியை மூடுவது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

---

மூன்று பிள்ளைகளின் அம்மா (செங்கலடி) | செவ்வாய் காலை

டீச்சர், கோபிக்க வேண்டாம், நான் லன்ச் சீட்டில் கட்டிக் கொடுக்கிற அம்மா. காலை 4 மணிக்கு எழும்பிப் பிட்டோ இடியப்பமோ அவித்து மூன்று பேருக்கும் கட்டிவிட்டு, ஆறு மணிக்கு நான் வேலைக்கு பஸ் ஏற வேண்டும். சாப்பாட்டுப் பெட்டி வாங்கிக் கொடுக்காமல் இல்லை. இந்த வருடம் மட்டும் மூத்தவன் இரண்டைத் தொலைத்தான். சின்னவளின் பெட்டியில் மூடி இறுகவில்லை, மீன் ஆணம் ஊற்றிக் கணிதக் கொப்பி முழுக்க மஞ்சள். அன்றைக்கு அவள் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய சிக்கல் ஒன்று சொல்கிறேன். பெட்டி கழுவாமல் வீட்டுக்கு வரும். இடைவேளைக்குச் சாப்பிட்டது, நான் வேலையால் வந்து திறக்கும்போது பின்னேரம் ஐந்தரை. இந்தச் சூட்டில் அது புளித்து மணக்கும். ஏன் கழுவவில்லை என்று கேட்டால், "பைப்படியில தள்ளுப்பட்டு நிக்கணும் அம்மா, மணி அடிச்சிரும்" என்கிறாள். 400 பிள்ளைகள் உள்ள பாடசாலையில் வேலை செய்கிற பைப் இரண்டு. சீட் என்றால் சுருட்டி எறிந்துவிட்டு விளையாடப் போகலாம். பிள்ளை எதைத் தெரிவு செய்யும்?

இப்போது கடையில் சொப்பிங் பேக்குக்கும் காசு எடுக்கிறார்கள், நானே துணிப்பை தைத்துக்கொண்டேன். மாற எனக்கு மனம் இருக்கிறது. ஆனால் நாளைக்கு வாசலில் நின்று "சீட் கொண்டுவந்தால் உள்ளே விடமாட்டோம்" என்று என் பிள்ளையை எல்லோருக்கும் முன் நிற்கவைத்தால் அதை நான் ஏற்கமாட்டேன்.

---

வாவிக்கரை டீச்சர் | செவ்வாய் பின்னேரம்

அக்கா, கோபமே இல்லை. நீங்கள் எழுதியதை மூன்று தரம் வாசித்தேன். பைப்படியைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. இன்று இடைவேளையில் போய் நின்று பார்த்தேன். எங்களிடம் பைப் நான்கு, அதில் ஒன்று கைபிடி இல்லாதது, ஒன்று ஒழுகுகிறது. மற்ற இரண்டிலும் பெரிய வகுப்புப் பையன்கள். என் வகுப்புப் பிள்ளை ஒன்று பெட்டியைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அப்படியே மூடிப் பையில் வைத்துக்கொண்டு போனது.

வாசலில் எந்தப் பிள்ளையையும் நிறுத்தமாட்டோம். அது என் வாக்கு.

---

கன்டீன் அக்கா (களுவாஞ்சிக்குடிப் பக்கம்) | செவ்வாய் இரவு

பாடசாலைக் கன்டீனைக் குத்தகைக்கு எடுத்து ஐந்து வருடம் நடத்துகிறேன். எங்கள் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

தொடக்கத்தில் வடை, கடலை, றோல்ஸ் எல்லாம் பழைய பரீட்சைத் தாளில் சுற்றிக் கொடுத்தோம். அச்சு மை எண்ணெயில் ஊறும், கூடாது என்றார்கள், விட்டுவிட்டேன். பொலித்தீன் உறையும் கூடாது என்றார்கள். சரி என்று வாழையிலை வெட்டினேன். மாரியில் நல்லது. கச்சான் காற்றுக் காலத்தில் இலை முழுக்கக் கிழிந்து நார் நாராக நிற்கும், பத்து மரம் தேடினாலும் ஒரு கட்டு இலை சேராது. பிறகு ஸ்டீல் தட்டு வாங்கினேன். 60 தட்டில் வருட முடிவில் 41 மிஞ்சியது. தட்டுக் கழுவ ஒரு ஆளுக்குச் சம்பளம்.

ஆனாலும் தட்டை நான் விடவில்லை. ஒரு பிள்ளை செய்த வேலையால்தான் அது சரி வந்தது. பதினொராம் ஆண்டுப் பிள்ளை ஒன்று, "அக்கா, பத்து ரூபா பிடிச்சு வைங்க, தட்டைத் தந்தாத் திருப்பிக் குடுங்க" என்றது. அன்றிலிருந்து ஒரு தட்டும் காணாமல் போகவில்லை. நான் சிறுபிள்ளையாக இருந்தபோது சோடாப் போத்தலைக் கடையில் கொடுத்துக் காசு வாங்கி ரொபி வாங்குவோமே, அதே கணக்குத்தான்.

என்னால் தனியாகச் செய்ய முடியாதது ஒன்று இருக்கிறது. பக்கற் ஜூஸை நான் நிறுத்தினால் பிள்ளை வாசலுக்கு வெளியே உள்ள கடையில் வாங்கி உள்ளே கொண்டுவரும். எனக்கு வியாபாரம் போகும், குப்பை அதே குப்பைதான். வெளிக் கடைக்காரரையும் கூப்பிட்டு வைத்துக் கதைக்காமல் கன்டீனுக்கு மட்டும் சட்டம் போட்டால் பாரம் முழுக்க என் தலையில்தான் விழும். நன்னாரி, எலுமிச்சை, மோர், எல்லாம் குவளையில் கொடுக்க நான் ஆயத்தம். மட்டக்களப்புத் தயிர் நம்மிடம் இருக்கும்போது பிள்ளைக்குப் பக்கற் எதற்கு?

---

அட்டாளைச்சேனைக் காக்கா | புதன் காலை

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். "எறிந்தால் போய்விடும்" என்று நினைக்கிறவர்களுக்காக, எங்கே போகிறது என்பதை நான் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்துப் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டை அறிந்திருப்பீர்கள். சுற்றியுள்ள ஊர்களின் குப்பை எல்லாம் அங்கே கொட்டப்பட்டது. காட்டை ஒட்டிய இடம். யானைகள் வந்து சோற்று மணத்துக்குப் பொலித்தீனையும் சேர்த்து விழுங்கின. எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் செத்தன என்று 2022 ஜனவரியில் வெளிநாட்டுச் செய்திகளிலும் வந்தது. வெட்டிப் பார்த்த மிருக வைத்தியர்கள் வயிற்றில் கண்டது பொலித்தீன், சாப்பாட்டு உறை, தண்ணீர். வழக்கமாகத் தின்கிற புல்லும் இலையும் இல்லை.

நான் ஒரு தரம் பின்னேரம் அந்தப் பக்கம் மோட்டார் சைக்கிளில் போனபோது நேரில் பார்த்தேன். ஒரு பெரிய யானை காலால் குப்பைப் பையை மிதித்துப் பிடித்து, தும்பிக்கையால் வாயைக் கிழித்து, உள்ளே இருந்ததைப் பொட்டலத்தோடு வாய்க்குள் போட்டது. அந்தப் பொட்டலம் சோறு கட்டிய லன்ச் சீட். அது எந்த வீட்டுடையது, எந்தப் பாடசாலையுடையது என்று யாருக்குத் தெரியும்? அன்று ராவு என் மகளின் பையில் இருந்த சீட்டைப் பார்த்ததும் எனக்கு அந்தத் தும்பிக்கைதான் ஞாபகம் வந்தது.

கொழும்பில் மீதொட்டமுல்லைக் குப்பைமலை சரிந்தது 2017 ஏப்ரல் 14, புதுவருட நாள். 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த வருடம் செப்டெம்பர் முதலாம் திகதிதான் லன்ச் சீட்டும் ரெஜிபோம் (வெள்ளை நுரைப் பிளாஸ்டிக்) சாப்பாட்டுப் பெட்டியும் 20 மைக்ரோனுக்குக் குறைந்த தடிப்புள்ள பொலித்தீனும் தடை செய்யப்பட்டன. டீச்சரின் கூடையில் இருந்த 19 சீட்டும் அந்தத் தடைக்குப் பிறகு வந்தவை என்பதை யோசித்துப் பாருங்கள்.

---

மூன்று பிள்ளைகளின் அம்மா | புதன் பகல்

காக்கா, கடையில் இப்போது தருகிற சீட்டில் "மக்கும்" என்று எழுதியிருக்கிறதே? அது பரவாயில்லை என்றுதான் நான் வாங்கினேன்.

---

விஞ்ஞான சேர் | புதன் இரவு

தங்கச்சி, அந்த எழுத்தை நம்பி வாங்கியது உங்கள் பிழை இல்லை. ஆனால் "மக்கும்" என்ற சொல்லுக்குள் பல விதம் உண்டு. சில வகை ஏறத்தாழ 60 பாகை சூட்டில் பல கிழமை வைத்திருக்கும் பெரிய பசளை ஆலையில்தான் உக்கும். பாடசாலை மூலையில் உள்ள சருகுக் குவியலில் அந்தச் சூடு நிலைக்காது. வேறு சில வகை வெயில் பட்டதும் நொருங்கும். நொருங்குவது வேறு, உக்குவது வேறு. ஒரு பெரிய துண்டைப் பொறுக்கலாம், ஆயிரம் பொடியை யார் பொறுக்குவது? கச்சான் அடித்தால் அந்தப் பொடி கானுக்குள், கானால் வாவிக்குள், வாவியில் இறாலும் மீனும்.

நான் ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைகளைக் கொண்டு இரண்டு "மக்கும்" சீட்டையும் ஒரு வாழையிலையையும் ஒரு தேக்கிலையையும் ஒரே குழியில் புதைத்தேன். ஆறு கிழமையில் தோண்டியபோது வாழையிலையில் நரம்பு மட்டும் மிச்சம். தேக்கிலை சல்லடை மாதிரி. சீட் இரண்டிலும் எழுத்தை வாசிக்க முடிந்தது. செலவே இல்லாத சோதனை, எந்தப் பாடசாலையிலும் செய்யலாம். பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ச் சொல்வார்கள், நாம் சொற்பொழிவு செய்யத் தேவையில்லை.

---

வாழைச்சேனைத் தம்பி | புதன் இரவு

என் வாப்பா பழைய பேப்பர், போத்தல் எடுக்கிறவர், இப்போது நான் பார்க்கிறேன். எல்லோரும் பிளாஸ்டிக்கைப் பற்றிக் கதைக்கிறீர்கள். பாடசாலையில் மிகச் சுலபமாகக் காசாகக்கூடியது காகிதம், அதைத்தான் அதிகம் வீணாக்குகிறார்கள்.

மார்கழி விடுமுறைக்கு முன் ஒவ்வொரு பாடசாலையிலும் விடைத்தாளும் பழைய கொப்பியும் மலையாகக் குவியும். அதைத் திறந்த மண்டபத்து மூலையில் போடுவார்கள். அந்த நேரம் நமது ஊரில் மழை. ஒரு ராத்திரி சாரல் அடித்தால் போதும், நனைந்த காகிதம் பூஞ்சணம் பிடித்துக் கட்டியாகிவிடும். நான் எடுத்தாலும் வாங்குகிறவர் எடுக்கமாட்டார். காய்ந்த இடத்தில், தரையில் படாமல், இரண்டு பலகை போட்டு அதன் மேல் சாக்கில் வைத்திருங்கள். அது ஒன்றே போதும். ஸ்டேப்பிள் கம்பி இருந்தால் பரவாயில்லை. மினுங்குகிற பிளாஸ்டிக் பூசிய அட்டையைக் கிழித்து வேறாக்குங்கள். சாப்பாட்டு எண்ணெய் பட்ட தாள் வேண்டாம். பிஸ்கட் உறை வேண்டவே வேண்டாம், உள்ளே வெள்ளி மாதிரி மினுங்குவது பிளாஸ்டிக்கும் உலோகமும் ஒட்டிய படலம், அதை யாரும் வாங்குவதில்லை.

பெட் போத்தலும், அதாவது தண்ணீர், சோடா வருகிற பிளாஸ்டிக் போத்தலும் அப்படித்தான். அடியில் முக்கோணத்துக்குள் பிளாஸ்டிக் வகையைக் காட்டுகிற இலக்கம் 1 இருக்கும். மூடியைக் கழற்றி, தண்ணீரை ஊற்றிவிட்டு, நசுக்கித் தந்தால் ஒரு சாக்கில் நான்கு மடங்கு பிடிக்கும். யோகட் கப்பில் 5 அல்லது 6 இருக்கும், கழுவாமல் தந்தால் எறும்புதான் மிச்சம்.

ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் ஊர்க் காகித ஆலை 1956இல் தொடங்கியபோது வைக்கோலில் காகிதம் செய்தார்கள். வயலில் எரிக்கிற வைக்கோல் கொப்பித் தாளாக வந்த ஊர் இது. பிறகு கழிவுத் தாளையும் கூழாக்கினார்கள். மூத்தாப்பா அங்கே வேலை செய்தவர். தாளை விரலால் உரசிப் பார்த்தே அதில் வைக்கோல் எவ்வளவு என்று சொல்வார். அப்படிப்பட்ட மாவட்டத்துப் பாடசாலைகள் காகிதத்தைக் குழியில் போட்டு எரிப்பதைப் பார்க்கும்போது நெஞ்சு எரிகிறது.

---

கல்முனை மாணவன் | வியாழன்

நான் உயர்தரம் படிக்கிறேன், சுற்றாடல் முன்னோடி அணியில் இருந்தவன். அணியில் எங்களுக்குத் தந்த வேலை எப்போதும் பொறுக்குவதுதான். சிரமதானம் என்று கூப்பிடுவார்கள், கடற்கரையில் பொறுக்குவோம், படம் எடுப்பார்கள், எங்களுக்கு ஆளுக்கொரு பிளாஸ்டிக் தண்ணீர்ப் போத்தலும் ரெஜிபோம் மாதிரிப் பெட்டியில் சாப்பாடும் தருவார்கள். பொறுக்கியதை விடப் புதிதாக வந்தது அதிகம் என்று ஒரு நாள் கணக்குப் பார்த்தேன். அதற்குப் பிறகு நாங்கள் பிள்ளைகளாகவே தீர்மானித்தோம், போத்தலையும் தட்டையும் வீட்டிலிருந்து கொண்டுவருகிறவர்கள் மட்டும் சிரமதானத்துக்கு வருவது என்று. முதல் நாள் பாதிப் பேர்தான் வந்தார்கள். மூன்றாவது தரம் எல்லோரும் வந்தார்கள்.

விழாக்களையும் கவனியுங்கள். பிளாஸ்டிக் ஸ்ட்ரோ, கோப்பை, தட்டு, கரண்டி, மாலை, இடியப்பத் தட்டு எல்லாம் 2023 ஒக்டோபர் 1 முதல் தடை. அது சிறுவர் தினம். அதே சிறுவர் தினத்தில் எங்களுக்குக் கேக் கொடுத்தது பிளாஸ்டிக் தட்டில். ஆசிரியர் தினத்துக்குப் பிளாஸ்டிக் மாலை, வாணி விழாவுக்கு ரெஜிபோமில் வெட்டிய எழுத்து. கமுகம்பாளைத் தட்டிலும் தாமரை இலையிலும் கொடுத்த ஊர் நம்முடையது. அம்பாறைக் குளங்களில் தாமரை இலைக்கு எப்போது பஞ்சம் வந்தது?

---

சுகாதாரப் பக்கத்து ஊழியர் (மட்டக்களப்பு) | வெள்ளி

பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) சேர்மாருடன் பாடசாலைப் பரிசோதனைக்குப் போகிறவன் நான். டெங்குவைப் பற்றி யாரும் எழுதவில்லை, அதனால் எழுதுகிறேன்.

2017இல் நாடு முழுக்க 1,86,101 டெங்கு நோயாளர்கள். அந்த வருடத்தை எங்கள் வேலையில் யாரும் மறக்கமாட்டோம். பாடசாலையில் நுளம்பு வளரும் இடம் பெரும்பாலும் தொட்டி இல்லை, தொட்டிக்குப் போகாதது. கட்டடத்துக்குப் பின்னால் எறிந்த யோகட் கப், கூரைப் பீலியில் கச்சான் கொண்டுபோய்ச் செருகிய லன்ச் சீட், மதில் இடுக்கில் ஐஸ்கிரீம் கோப்பை. ஒரு மேசைக்கரண்டி மழைத்தண்ணீர் போதும். முட்டையிலிருந்து நுளம்பாக ஒரு கிழமை, பத்து நாள்.

பலருக்குத் தெரியாத ஒன்று. தண்ணீரை ஊற்றிவிட்டால் மட்டும் வேலை முடியாது. டெங்குவைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பு முட்டையைத் தண்ணீர் விளிம்புக்கு மேலே சுவரில் ஒட்டுகிறது. அது காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், அடுத்த மழையில் பொரிக்கும். ஆகவே ஐப்பசி மழைக்கு முன் அந்தக் கப்புகள் அங்கே இல்லாமல் இருக்க வேண்டும். நீங்கள் குறைக்கச் சொல்கிற ஒவ்வொரு கப்பும் எங்களுக்கு ஒரு வேலைக் குறைவு.

இன்னொன்று: சேர்த்து வைக்கிற போத்தல் சாக்கை வெளியில் வைக்காதீர்கள். மீள்சுழற்சிக்கு என்று குவித்த போத்தலே நுளம்பு வளரும் இடமாக மாறியதைப் பார்த்திருக்கிறேன்.

---

வாவிக்கரை டீச்சர் | இரண்டு மாதம் கழித்து

கன நாளாக எழுதவில்லை, மன்னியுங்கள். எழுதும்படியாக ஏதாவது நடக்கட்டும் என்று இருந்தேன்.

நீங்கள் எழுதியதை எல்லாம் அச்செடுத்துப் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் வாசித்தேன். அதிபர் கேட்டார், முதலில் எது என்று. நான் பைப் என்றேன். எல்லோருக்கும் ஆச்சரியம், குப்பையைப் பற்றிக் கதைக்க வந்தவள் பைப்பைக் கேட்கிறாளே என்று. செங்கலடி அக்கா எழுதியதை அப்படியே வாசித்தேன், பிறகு யாரும் மறுக்கவில்லை. பழைய மாணவர்கள் எட்டு பைப் போட்ட நீளத் தொட்டி ஒன்று கட்டித் தந்தார்கள், மூன்று பைப் சின்னப் பிள்ளைகளின் உயரத்துக்கு. இடைவேளையையும் ஐந்து நிமிடம் கூட்டினோம். கழுவிய தண்ணீர் வாழைக்குப் போகிறது.

யாரையும் வாசலில் நிறுத்தவில்லை. சீட் கொண்டுவந்த பிள்ளை அதைக் கழுவி மடித்து வீட்டுக்கே கொண்டுபோக வேண்டும், அவ்வளவுதான். பிஸ்கட் உறையும் அப்படியே. இதை ஒரு தாய் வந்து சண்டை பிடித்தார், "பள்ளிக்கூடக் குப்பையை ஏன் என் வீட்டுக்கு அனுப்புறீங்க" என்று. நான் சொன்னேன், "அம்மா, அது உங்கள் வீட்டிலிருந்து வந்ததுதானே" என்று. முகம் சிவந்து போனார். மறுநாள் பிள்ளை பெட்டியோடு வந்தது, ஆனாலும் அன்று நான் கொஞ்சம் மென்மையாகச் சொல்லியிருக்கலாம் என்று இப்போதும் நினைக்கிறேன்.

பெட்டி வாங்க வசதி இல்லாத பிள்ளைகள் என் வகுப்பில் ஐந்து பேர். கன்டீன் அக்கா சொன்ன மாதிரித் தட்டு ஏற்பாடு செய்தோம். சாப்பாட்டை வாழையிலையில் சுற்றிப் பழைய துணியில் கட்டிக் கொண்டுவருவார்கள், தட்டு பாடசாலையில். மற்றப் பிள்ளைகள் இலை மணம் நல்லது என்று இவர்களிடம் மாற்றிச் சாப்பிடுகிறார்கள்.

கொப்பி விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. போன வருடக் கொப்பிகளில் எழுதாத தாளைப் பிரித்தெடுத்தோம். ஒரு பிள்ளையின் அப்பப்பா சாக்குத் தைக்கிறவர், கோணூசியும் மெழுகு தடவிய நூலும் கொண்டுவந்து காட்டித் தந்தார். 40 தாளை அடுக்கி, விளிம்பைத் தட்டிச் சமப்படுத்தி, நடுவில் மூன்று துளை, உள்ளிருந்து வெளியே, வெளியிலிருந்து உள்ளே, முடிச்சு உட்பக்கம். பழைய நாட்காட்டி அட்டை. இரண்டு கோடு, ஒரு கோடு, கட்டம் எல்லாம் கலந்த கொப்பி, பிள்ளைகள் அதற்குக் "கலவன் கொப்பி" என்று பெயர் வைத்துவிட்டார்கள். கரட்டு வேலை முழுக்க அதில்தான்.

சரிவராமல் போனது பசளைத் தொட்டி. மணக்கிறது, ஈ மொய்க்கிறது, இரண்டு ஆசிரியர்கள் மூடச் சொல்கிறார்கள். சேர், என்ன செய்ய?

---

விஞ்ஞான சேர் | அதே இரவு

மணம் அழுகல் மணமா, புளித்த மணமா? எதுவானாலும் பச்சை, அதாவது ஈரமான காய்கறிக் கழிவு கூடிவிட்டது, காற்று போதவில்லை. உங்களிடம் சருகு இருக்கிறதே, வேம்பும் வாகையும் காலையில் கூட்டி எரிப்பது? அதுதான் மருந்து. ஒரு வாளி காய்கறித் தோலுக்கு மூன்று வாளி சருகு. காபனும் நைதரசனும் 30க்கு 1 என்ற அளவுக்கு நெருங்க வேண்டும், வாளிக் கணக்கு அதற்குப் போதும். கையில் ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள், ஓரிரு துளி வந்தால் சரி, ஒழுகினால் ஈரம் கூட. சமைத்த சோறும் மீன் முள்ளும் போடவே வேண்டாம், அதை வீட்டில் கோழியோ நாயோ வளர்க்கிற பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள். கிழமைக்கு ஒரு தரம் மண்வெட்டியால் புரட்டுங்கள். மழைக்கு முன் தகரம் ஒன்று போட்டு மூடுங்கள்.

காலைச் சருகு எரிப்பும் இதோடு நின்றுவிடும், கவனித்தீர்களா?

---

வாவிக்கரை டீச்சர் | இரண்டு கிழமை கழித்து

மணம் போய்விட்டது சேர். நேற்றுக் காலை புரட்டியபோது ஆவி வந்தது, பிள்ளைகள் கையை நீட்டிச் சூடு பார்த்தார்கள். அந்தக் கேள்வி கேட்ட மகள்தான் இப்போது சருகு வாளிக்குப் பொறுப்பு.

எரிகுழியை மண் போட்டு மூடி அதில் பூசணி நட்டிருக்கிறது துப்புரவு செய்யும் அக்கா. சாம்பல் மண் என்பதால் காய்ப்பதைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம், பூச்செடி வைப்போம் என்று சொல்லியிருக்கிறேன். சேர், அது சரிதானே?

வாழைச்சேனைத் தம்பி, காகிதம் பதினொரு சாக்கு இருக்கிறது, நூலகத்துக்குள் பலகை மேல் வைத்திருக்கிறோம், நனையவில்லை. போத்தல் மூன்று சாக்கு, நசுக்கியது. வெளிக் கடைக்காரரும் தன் கடைப் போத்தலைச் சேர்த்துத் தருவதாகச் சொல்கிறார்.

---

வாழைச்சேனைத் தம்பி

டீச்சர், சனிக்கிழமை ஒன்பது மணிக்கு வருகிறேன். தராசை நான் கொண்டுவருவேன், பிள்ளைகள் இரண்டு பேர் நின்று நிறையை எழுதிக்கொள்ளட்டும். லொறி உங்கள் ஒழுங்கைக்குள் திரும்பாது, சந்தியில்தான் நிறுத்த வேண்டும். தள்ளுவண்டி ஒன்று பார்த்து வையுங்கள்.

---

விஞ்ஞான சேர்

பூச்செடிதான் சரி டீச்சர். சாப்பிடுகிற எதையும் அந்தக் குழியில் நட வேண்டாம். செவ்வந்தி வையுங்கள், வாணி விழாவுக்கு மாலை கட்டலாம்.